இன்ஜினை மாற்றலாமா, வேகமான கார் வாங்கலாமா: முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைத்தான் என்று யாரும் சொல்லக்கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் இருக்கிற காரை விற்றுவிட்டு வேகமான கார் ஒன்றை வாங்குவதே நல்லது. இதைச் சொல்கிற நானே ஒரு முறை இன்ஜின் மாற்றியவன்தான். அந்தக் காரை இன்றுவரை விற்கவில்லை, விற்கிற எண்ணமும் இல்லை. ஆனால் அது ஏன் எனக்குச் சரியாக வந்தது, ஏன் மற்றவர்களில் பலருக்கு வராது என்பதை யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: உங்களுக்கு வேகமான கார் வேண்டுமா, இல்லை, இந்தக் கார் வேகமாக வேண்டுமா? இரண்டும் ஒன்று போலத் தெரியும். செலவு செய்யத் தொடங்கிய பிறகுதான் வித்தியாசம் புரியும்.

சரி, படிப்படியாகப் போவோம். கடைசிப் படிவரை போக வேண்டிய அவசியம் எல்லோருக்கும் இருக்காது. சிலருக்கு முதல் படியிலேயே பதில் கிடைத்துவிடும்.

படி 1: இருக்கிற இன்ஜின் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்

வண்டி இழுக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் சிலருடைய இன்ஜின் தன் முழு பலத்தையே கொடுத்துக்கொண்டிருக்காது. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், பாதி அடைபட்ட சைலன்சர், விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், வழுக்கும் கிளட்ச் என்று எதுவாகவும் இருக்கலாம். கிளட்சைச் சோதிப்பது எளிது. காலியான சாலையில் உயர் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறி, வண்டி மட்டும் நிதானமாக வந்தால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் சோதனை. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ, ஹெட் கேஸ்கெட்டோ பிரச்சினை. இந்தச் சோதனையின் முடிவு உங்கள் கேள்வியையே மாற்றிவிடும். இன்ஜின் எப்படியும் இறக்கிப் பார்க்க வேண்டிய நிலையில் இருந்தால், அதை ரீபில்ட் செய்ய ஆகும் செலவை இன்ஜின் மாற்றும் செலவிலிருந்து கழித்துவிடலாம், ஏனென்றால் அந்தப் பணம் எப்படியும் போகத்தான் போகிறது. நன்றாக ஓடுகிற இன்ஜினைக் கழற்றிப் போடுவதும் செத்த இன்ஜினுக்குப் பதில் போடுவதும் வேறு வேறு கணக்கு.

படி 2: வேகம் என்றால் உங்களுக்கு எது?

இதை ஒரு தாளில் எழுதச் சொன்னால் பலர் திணறுவார்கள். சிக்னலில் இருந்து கிளம்பும் பிக்கப்பா? நெடுஞ்சாலையில் 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும் இழுவையா? உச்ச வேகமா? வளைவுகளில் வேகமாகத் திரும்புவதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பிக்கப்பை முடிவு செய்வது எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதம். 1,000 கிலோ எடையும் 90 எச்.பி. (குதிரைத்திறன்) சக்தியும் உள்ள ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு எச்.பி.யும் 11 கிலோவைச் சுமக்கிறது. அதில் 60 கிலோ கூடுதல் எடையுள்ள 160 எச்.பி. இன்ஜினை வைத்தால் அது 6.6 கிலோவாக இறங்கும். இப்போது கடையில் நிற்கும் 1,450 கிலோ, 220 எச்.பி. கார் ஒன்றைப் பாருங்கள், அதுவும் அதே 6.6 கிலோதான். ஆக, நேர்கோட்டுப் பிக்கப்பில் இரண்டும் ஏறத்தாழ சமம். எடை குறைந்த கார் திரும்புவதிலும் நிறுத்துவதிலும் டயர் தேய்மானத்திலும் லாபம் தரும், இன்ஜின் மாற்றுகிறவர்கள் வாதாடும்போது சொல்கிற நியாயமான காரணம் இதுதான், நானும் இதை நம்புகிறேன்.

உச்ச வேகம்தான் வேண்டும் என்றால் கதை வேறு. காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமென்றால் சக்தி சுமார் 33 சதவீதம் கூட வேண்டும். மேலே சொன்ன 90 எச்.பி. காரில் 160 எச்.பி. வைத்தால் சக்தி 78 சதவீதம் கூடுகிறது, உச்ச வேகம் 21 சதவீதம்தான் கூடும், அதுவும் கியர் விகிதம் ஒத்துழைத்தால். இதற்காக இன்ஜின் மாற்றுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வளைவுகளில் வேகம் வேண்டும் என்பவர்கள் இத்தோடு இன்ஜினை மறந்துவிடலாம். உங்களுக்குத் தேவை டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் பேட், கொஞ்சம் பயிற்சி.

படி 3: சின்ன வைத்தியம் போதுமா?

டர்போ இன்ஜினாக இருந்தால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப், அதாவது அதன் நிரலை மாற்றி எழுதுவது ஒன்றே 20 முதல் 30 சதவீதம் வரை சக்தியைக் கூட்டக்கூடும், ஏனென்றால் தொழிற்சாலையில் டர்போவின் அழுத்தத்தைப் பாதுகாப்புக்காகக் குறைத்து வைத்திருப்பார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் ரீமேப் செய்து பெரிதாக எதுவும் கிடைக்காது, கிடைக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த மாதிரி காரில் ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்குப் பிறகு சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் கடைசிக் கியர்) விகிதத்தைக் குறுக்குவது நல்ல வழி. கீழ்க் கியர்களில் வண்டி துள்ளும், பதிலுக்கு நெடுஞ்சாலையில் இன்ஜின் இரைச்சல் கூடும். நல்ல டயர் போட்டுப் பாருங்கள். தேவையில்லாத எடையை இறக்கிப் பாருங்கள். இதையெல்லாம் செய்து ஒரு மாதம் ஓட்டிய பிறகும் மனம் ஆறவில்லை என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 4: உங்கள் காரில் இதை யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா?

முழு முடிவும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசுவோம்.

மிக எளிய இன்ஜின் மாற்றம் எது தெரியுமா? உங்கள் காரின் அதே உடலமைப்பு வேறொரு சந்தையிலோ உயர் ரகத்திலோ பெரிய இன்ஜினோடு விற்கப்பட்டிருந்தால், அந்த இன்ஜின்தான். அதற்கான மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடிமானம்), ஆக்ஸில், ரேடியேட்டர், பெரிய பிரேக் எல்லாவற்றையும் தொழிற்சாலைப் பொறியாளர்களே ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்டார்கள், நீங்கள் பாகங்களைத் தேடிப்பிடித்து மாட்டினால் போதும். நிசானின் எஸ்13 உடல் நல்ல உதாரணம். அமெரிக்காவில் அது 240எஸ்எக்ஸ் என்ற பெயரில், டர்போ இல்லாத 2.4 லிட்டர் இன்ஜினோடு வந்தது. ஜப்பானில் அதே எஸ்13, சில்வியா என்ற பெயரில் எஸ்ஆர்20டிஇடி என்ற 2 லிட்டர் டர்போ இன்ஜினோடும் கிடைத்தது. அதனால்தான் அமெரிக்காவில் அந்தக் காரில் அந்த இன்ஜினை வைப்பது அவ்வளவு பரவலான வேலையாக ஆனது.

இரண்டாவது வகை, வேறு கம்பெனி இன்ஜின், ஆனால் பல்லாயிரம் பேர் நடந்து தேய்ந்த பாதை. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் இன்ஜினைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1997 கார்வெட்டில் எல்எஸ்1 ஆக வந்த 5.7 லிட்டர் அலுமினிய வி8 அது. இதில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுகளின் மேலே இல்லாமல் பிளாக்கின் நடுவே இருப்பதால், ஹெட்டுகள் சிறியவை. எனவே கொள்ளளவைப் பார்க்கும்போது இன்ஜின் வெளிப்பார்வைக்குச் சின்னது. மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி கைக்கு அடக்கமான காருக்குள்கூட அது போய் உட்காருவதன் ரகசியம் இதுதான். எவ்வளவோ பேர் செய்துவிட்டதால் மவுண்ட், சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு), வயரிங் எல்லாம் தயாராகவே கிடைக்கின்றன.

ஹோண்டாவின் கே சீரிஸ் இன்ஜின் இன்னொரு பிரபலம், ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பழைய பி சீரிஸ் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் கே சீரிஸ் சுற்றும். ஒரே கம்பெனிதானே, பழைய சிவிக்கின் கியர்பாக்ஸிலேயே மாட்டிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. கியர்பாக்ஸ், மவுண்ட், ஆக்ஸில், கியர் மாற்றும் கேபிள் வரை எல்லாம் சேர்ந்தே வர வேண்டும்.

டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ பற்றியும் ஒரு வார்த்தை. 1993 சுப்ராவில் வந்த 3 லிட்டர் இரட்டை டர்போ, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும் என்ற பேர் அதற்கு உண்டு. அந்தப் பேருக்குக் காரணமான இரும்பு பிளாக்கும், வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்களின் நீளமும் சின்னக் காரில் அதற்கு எதிராகவே வேலை செய்யும். மூக்கில் பாறாங்கல்லைக் கட்டியது போல வண்டி முன்பக்கம் கனத்துவிடும், வளைவில் திருப்பினால் திரும்ப யோசிக்கும்.

மூன்றாவது வகை, யாருமே செய்யாதது. உங்களிடம் சொந்தமாக வெல்டிங், லேத், பல வருட அனுபவம் இவை இல்லையென்றால் அங்கே போகாதீர்கள். யாரும் செய்யாததற்கு வழக்கமாக ஒரு காரணம் இருக்கும்: ஸ்டியரிங் ராடு சைலன்சர் குழாயில் இடிக்கும், சம்ப் கிராஸ்மெம்பரில் (காரின் குறுக்குச் சட்டத்தில்) உட்காரும், பானட் மூடாது.

படி 5: இன்ஜினோடு சேர்ந்து வருகிற கூட்டம்

இன்ஜின் தனியாக வராது, சம்பந்தி வீட்டார் மாதிரி ஊரையே கூட்டிக்கொண்டு வரும். கியர்பாக்ஸும் கிளட்சும் புது இன்ஜினின் டார்க்கை (சுழற்றும் விசையை) தாங்குமா என்று பார்க்க வேண்டும், தாங்காவிட்டால் முதல் வாரத்தில் கிளட்ச் வழுக்கும், இரண்டாம் மாதத்தில் ஆக்ஸில் மூட்டு உடையும். கார்புரேட்டர் காரில் இன்ஜெக்ஷன் இன்ஜின் வைத்தால் அதிக அழுத்தம் தரும் எரிபொருள் பம்ப்பும் திரும்பும் குழாயும் தேவை. எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்ட்டுக்குள் போகிறது, எனவே சக்தி கூடும்போது ரேடியேட்டரும் வளர வேண்டும். முன்பக்கம் எடை கூடினால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். பழைய இன்ஜின் 6,000 ஆர்.பி.எம். வரை சுற்றி, புதியது 8,000 வரை சுற்றினாலோ அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தாலோ டிஃபரன்ஷியல் விகிதமும் (முன்பு சொன்ன ஃபைனல் டிரைவ் விகிதம்தான்) பொருந்தாது.

பிரேக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவர் காரில் ஏறாதீர்கள். 100 கி.மீ. வேகத்தில் இருக்கும் காரைவிட 140 கி.மீ. வேகத்தில் இருக்கும் அதே காரில் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அத்தனையும் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாக மாற வேண்டும். புது இன்ஜின் உள்ளே போவதற்கு முன்பே பெரிய பிரேக் காரில் இருக்க வேண்டும், என் வரிசை அதுதான்.

இவை எல்லாவற்றையும்விட ஆளைக் கொல்வது வயரிங். இன்றைய இன்ஜின்களில் இசியு, சாவிக்குள் இருக்கும் சிப், மீட்டர் கன்சோல் மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் ஸ்டார்ட் ஆகும். ஏபிஎஸ்ஸும் கியர்பாக்ஸும்கூட அதே தகவல் வலையில் பேசிக்கொண்டிருக்கும். என் காரில் இயந்திர வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. வயரிங்கை ஏற்றுக்கொண்ட ஆள் பாதியில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார், கார் ஜாக் ஸ்டாண்டில் நான்கு மாதம் நின்றது, தரையில் பரப்பிக் கிடந்த அந்த வயர்களைப் பார்த்தாலே எனக்குப் பசி போய்விடும். கடைசியில் கோளாறு என்னவென்றால் ஒரே ஒரு எர்த் வயர், அதைப் பெயிண்ட் மேல் வைத்து போல்ட் போட்டிருந்தார், பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது.

அதனால் ஒரு புத்தி: இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். பின்பக்கமோ பக்கவாட்டிலோ இடிபட்ட முழுக் கார் கிடைத்தால் அதை வாங்குங்கள். இசியு, சாவி, வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், சென்சார்கள், பெயர் தெரியாத சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு, கழற்றுவதற்கு முன் அந்த இன்ஜின் ஓடுவதைக் காதால் கேட்டுவிடலாம்.

படி 6: காகிதங்கள்

பல நாடுகளில் இன்ஜின் எண் பதிவுச் சான்றிதழில் இருக்கும், மாற்றினால் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்த வேண்டும், புகைச் சோதனையும் உண்டு. காரின் தயாரிப்பு ஆண்டைவிடப் பழைய இன்ஜினை வைக்க அனுமதிக்காத இடங்களும் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றினால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். எனவே ஒரு ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் அத்தோடு விவாதம் முடிந்தது, படி 8-க்குப் போகலாம்.

படி 7: பணமும் நேரமும்

உங்கள் காரை இன்று விற்றால் கிடைக்கும் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்து 60-க்குக் கிடைக்கிறது, ஆசையாக இருக்கிறது. என் அனுபவக் கணக்கில் அது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் 180 என்று எழுதுங்கள். காரையும் சேர்த்தால் 280 போட்டிருக்கிறீர்கள். நாளை அதை விற்கப் போனால் 120 கிடைத்தால் பெரிய விஷயம், ஏனென்றால் வேறொருவர் வீட்டில் இணைத்த வயரிங்கை நம்பிப் பணம் கொடுப்பவர்கள் ரொம்பக் குறைவு.

மறுபக்கம், உங்கள் காரை 100-க்கு விற்று, அந்த 180-ஐ மேலே போட்டால் கையில் 280. அதில் 230-க்கு ஒரு வேகமான கார் வாங்கி, 50-ஐ முதல் வருடப் பழுதுகளுக்கு ஒதுக்கலாம். இரண்டு வருடம் கழித்து விற்றாலும் அதன் மதிப்பில் பெரும்பகுதி திரும்பி வரும். எண்கள் உங்களுக்கு வேறாக இருக்கும், ஆனால் கணக்கை இப்படித்தான் போட வேண்டும். பலர் இன்ஜின் விலையையும் அடுத்த காரின் முழு விலையையும் ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள்.

ஒன்றை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமான காருக்குக் காப்பீடு, அகலமான டயர், பெரிய டிஸ்க், எரிபொருள் எல்லாம் ஒவ்வொரு வருடமும் கூடுதலாகக் கேட்கும், அதையும் உங்கள் தாளில் எழுதுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, மெக்கானிக் ஒரு மாதம் என்றால் மூன்று மாதம் என்று காதில் விழட்டும். அந்த மூன்று மாதமும் வேலைக்குப் போக உங்களிடம் வேறு வண்டி இருக்கிறதா? இல்லையென்றால் இன்ஜின் மாற்றத்தை மறந்துவிடுங்கள். அவசரத்தில் மாட்டிய போல்ட்தான் பாதி வழியில் கழன்று விழும்.

படி 8: வாங்குவது என்றால் எதைப் பார்ப்பது

வேகமான பழைய காரை யாரும் மெதுவாக ஓட்டியிருக்க மாட்டார்கள், இந்த நினைப்போடு போய்ப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீடுகளை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், காரின் கணினி தானாகச் செய்யும் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கக்கூடும், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். வேகமான காரில் நான்கு டயரும் நான்கு விதமாக இருந்தால், அவர் மற்ற பராமரிப்பிலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

ஒவ்வொரு வேகமான காருக்கும் ஊரறிந்த ஒரு நோய் உண்டு. பிஎம்டபிள்யூ இ46 எம்3-க்குப் பின்பக்க சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருத்தப்படும் இடத்தில் தகடு விரிசல் விடும், போர்ஷே 911-இன் 996 தலைமுறையில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் (இன்ஜினுக்குள் கேம்ஷாஃப்டுகளை இயக்கும் இடைத்தண்டு) பேரிங் உடைவது பேசுபொருள். நோய் இருக்கிறது என்பதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. அந்த நோய்க்கு வைத்தியம் ஆகிவிட்டது என்று பில் காட்டுகிற கார், பில்லே இல்லாத பளபளப்பான காரைவிடப் பல மடங்கு மேல்.

படி 9: முடிவு

இவ்வளவுக்குப் பிறகும் இன்ஜின்தான் மாற்றுவேன் என்று சொல்ல, என் கணக்கில், இத்தனையும் ஒன்றாக அமைய வேண்டும்: காரின் உடலில் துரு இல்லை, பலர் நடந்த பாதை இருக்கிறது, காகிதம் கிடைக்கும், ஓட்ட வேறு வண்டி இருக்கிறது, விற்கும்போது திரும்ப வராத பணம் என்று மனம் ஒத்துக்கொண்டாயிற்று, அதற்கு மேலாக இந்தக் காரின் மேல் உங்களுக்குக் காரணம் சொல்ல முடியாத ஒரு பிரியம் இருக்கிறது. எனக்கு ஆறும் இருந்தன, வயரிங் ஆள் மட்டும்தான் சரியாக அமையவில்லை. இதில் ஒன்று குறைந்தாலும் வாங்குவதே மேல். முடிவெடுக்க முடியாமல் தவித்தால், வாங்க நினைக்கும் மாதிரிக் காரை ஒரு நாள் முழுக்க வாடகைக்கோ நண்பரிடமோ எடுத்து ஓட்டுங்கள். சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மனம் கஷ்டப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் பழைய காரில் ஏறியவுடன் அப்பாடா என்று இருந்தாலும் பதில் கிடைத்துவிட்டது.

வாங்கிவிட்டால், வேகத்தைச் சோதிக்கும் முன் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள், டயரையும் பாருங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால், முதல் சில நூறு கிலோமீட்டர் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள், தினமும் கூலன்ட் அளவையும் தரையில் சொட்டையும் பாருங்கள், பிறகு ஒரு நாள் வண்டியைத் தூக்கி மவுண்ட், ஆக்ஸில், டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி சோதியுங்கள். எர்த் வயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அடியில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.